எழுபத்தொன்பது பேருக்கு ஒரே பிறந்தநாள்

நொடிக்காரி என்ற பட்டப்பெயரை வைத்தவர் எங்கள் ஜீப் டிரைவர். ஐந்து சோதனையாளர்களை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போன ஜீப் அது. காலை ஏழு ஐம்பதுக்குப் புறப்பாடு என்றால் நான்கு பேர் எட்டு மணிக்கு முன்னும் பின்னுமாக வந்து சேர்வார்கள். நொடிக்காரி மட்டும் ஏழு நாற்பத்தெட்டுக்கு வந்து, கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை ஒருமுறை ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு ஏறுவார்.

"நொடிக்காரி ஏறியாச்சு. இனிமே நாம இருமுறதுக்கும் அளவு இருக்கு" என்பார் டிரைவர், அவருக்குக் கேட்கும்படியே. அவர் சிரிக்கமாட்டார். போகும் வழியில் சிரித்துப் பேசினால் முதல் குழந்தைக்கு ஒரு குரலும் கடைசிக் குழந்தைக்கு வேறு குரலும் வந்துவிடும் என்று என்னிடம் ஒருநாள் காரணம் சொன்னார். திரும்பி வரும்போது டிரைவரின் மாமியாரைப் பற்றி அவர் அடிக்கும் கிண்டலில் ஜீப்பே குலுங்கும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நான் அந்தச் சோதனை நிலையத்தில் பதிவறை எழுத்தராக முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஆகவே இதில் வரும் எண்கள் நினைவிலிருந்து எழுதியவை அல்ல.

நிலையத்தின் வேலை பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு நுண்ணறிவுச் சோதனையைச் செய்து கொடுப்பது. கல்வித் துறை அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. படிப்பு வராத குழந்தைகளுக்கென்று நகரத்தின் மறுகோடியில் ஒரு தனிப்பள்ளி இருந்தது. யாரை அங்கே அனுப்புவது என்பதில் அதுவரை வகுப்பு ஆசிரியர் வைத்ததே சட்டம். திக்கிப் பேசியவன் போனான். சட்டை அழுக்காக இருந்தவள் போனாள். ஆசிரியரோடு வாய்த்தகராறு செய்த ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். போனவர்கள் திரும்பியதில்லை. அந்தப் பள்ளியில் தேர்வும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

இதை நிறுத்தவேண்டும் என்றுதான் எங்கள் இயக்குநர் இந்த வேலைக்கு வந்தார். நல்ல மனிதர். முன்கோபி. நூற்று நாற்பது கேள்விகளில் தொடங்கி ஐம்பத்தெட்டைத் தூக்கி எறிந்தார். 'இந்தக் கதவில் என்ன குறை?' என்று கேட்டுக் கைப்பிடி இல்லாத கதவைக் காட்டும் படம் ஒன்று இருந்தது. பாதி வீடுகளில் கதவுக்குக் கைப்பிடியே இல்லை என்று தெரிந்த அன்றே அதைக் கிழித்தார். பெண் குழந்தைகள் மட்டும் தவறவிட்ட கேள்விகள் ஆறு, ஆண் குழந்தைகள் மட்டும் தவறவிட்டவை நான்கு, அவையும் போயின.

மிஞ்சிய எண்பத்திரண்டு கேள்விகளை ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஆயிரத்து நானூற்று எண்பது குழந்தைகளிடம் கேட்டு, எந்த வயதில் எவ்வளவு புள்ளி வழக்கமாக வருகிறது என்று வயது அட்டவணை போட்டோம். ஒரு குழந்தை எடுக்கும் புள்ளியை அதன் வயதுக்குரிய வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் எண் வரும். நடுத்தரம் நூறு. எழுபதுக்குக் கீழே வந்தால் தனிப்பள்ளி. அட்டவணை சரியாக இருந்தால் அளவுகோல் சரி. நாங்கள் அத்தனை பேரும் அதைத்தான் நம்பினோம்.

நொடிக்காரி எங்களிடம் வருவதற்கு முன் தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகையில் ஒன்பது வருடம் இருந்தவர். "எந்த எண் வேண்டும்?" என்ற மூன்று சொற்களை, சாவுச் செய்தி சொல்ல அழைத்தவருக்கும் கல்யாணச் செய்தி சொல்ல அழைத்தவருக்கும் ஒரே தொனியில் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். தானியங்கி இயந்திரம் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. எங்கள் நேர்முகத் தேர்வில் இயக்குநர் அவரை ஒரே வாக்கியத்தை இருபது முறை படிக்கச் சொன்னார். இருபதாவது முறையும் முதல் முறை போலவே இருந்தது. அன்றே எடுத்துக்கொண்டார்.

சோதனையில் குழந்தையைப் பாராட்டக்கூடாது, தலையசைக்கக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது. பதில் சரியானாலும் தப்பானாலும் "சரி, அடுத்தது" என்று மட்டும் சொல்லவேண்டும். மற்ற நால்வருக்கும் இது பெரும்பாடு. அவருக்கு அது மூச்சு விடுவது போல. டயர் கடையில் வேலை பார்த்த அவர் கணவர் ஒருமுறை நிலையத்துக்கு வந்தபோது எங்கள் எல்லார் முன்னிலையிலும் புகார் செய்தார்.

"ஆசையா ஒரு பூச்செடி வாங்கிட்டு வந்து குடுத்தேன் சார். பாத்துட்டு 'சரி, அடுத்தது'ங்கிறா. அடுத்ததுக்கு நான் எங்க போவேன்?"

அவர் சோதித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். விடைத்தாளின் அடியில் 'பேச்சுத் தெளிவு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் அதில் 'நன்று' என்று எழுதிவிட்டு நகர்வார்கள். அவர் ஒவ்வொரு தாளிலும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்களை எழுதினார். 'இரண்டு விழுந்துள்ளன', 'நடுவில் இரண்டு பாதி முளைத்துள்ளன', 'நான்கும் முளைத்துவிட்டன' என்று. பல் இல்லாத குழந்தையின் பதில் குழறலாகக் கேட்கும். கேட்பவர் அதைத் தவறான பதில் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அவருடைய கவலை. இதைப் படித்த இயக்குநர், "நாம மூளைய அளக்கச் சொன்னா இந்தம்மா பல்லாஸ்பத்திரி நடத்துறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். கட்டம் அப்படியே இருந்தது. அவரும் எழுதிக்கொண்டே இருந்தார்.

என் பங்கையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு குழந்தையின் பிறந்த தேதியையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எங்கள் பேரேட்டில் ஏற்றியவன் நான். இயக்குநர் பத்தில் ஒரு பதிவைத் தாமே மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நூற்று நாற்பத்தெட்டில் ஒரு பிழையும் இல்லை. அந்த வாரம் முழுவதும் நான் கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடந்தேன்.

அட்டவணை போட்டு, கையேடு அச்சாகி, இரண்டாயிரம் பிரதிகள் வந்து இறங்கின. பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். நொடிக்காரிதான் பெரும்பாலும் கொடுத்தார். அடுத்த அக்டோபரில் பள்ளிகளே சோதனையை நடத்தத் தொடங்கின. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய ஒரே மகளுக்கு, ஏழு வயது நான்கு மாதம், புள்ளி முப்பத்தொன்று, எண் அறுபத்தேழு. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து தனிப்பள்ளி. வயதைக் கணக்கிட்டதிலோ புள்ளியைக் கூட்டியதிலோ பிழை இருந்தால் ஜனவரி முப்பத்தொன்றுக்குள் முறையிடலாம்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். வட்ட முகம், எதையும் உடனே தொடாத கைகள். பிஸ்கட் தட்டை நீட்டினால்கூட எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை எடுப்பாள். நேரம் வைத்து ஒன்பது மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லும் கேள்விகள் எங்கள் சோதனையில் பதினொன்று இருந்தன. முதல் நாற்பது நொடிகள் அவள் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். ஆனால் அவளைப் போலப் பார்த்துக்கொண்டே இருந்த குழந்தைகள் அட்டவணையிலும் இருந்தார்கள். எனவே அது வாதம் ஆகாது. நொடிக்காரி அதை வாதமாகச் சொல்லவும் இல்லை.

வீட்டில் நடந்ததைக் கணவர்தான் பின்னால் என்னிடம் சொன்னார். கட்டைகளும் படங்களும் அடங்கிய சோதனைப் பெட்டி அவரவர் வீட்டிலேயே இருக்கும். நொடிக்காரியின் பெட்டி இரண்டு வருடம் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில்.

"பெட்டி இங்கதானடி இருந்துச்சு? ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை திறந்து காட்டியிருந்தா என்ன குடியா முழுகியிருக்கும்?"

"காட்டியிருந்தா அது அவ மார்க்கா இருக்காது."

"இப்ப வந்திருக்கிறது அவ மார்க்குதான். சந்தோஷமா?"

மகள் அப்போது பக்கத்து அறையில் காலணிகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.

அவர் முதலில் செய்தது மகளின் விடைத்தாளை வரவழைத்துத் திரும்பக் கூட்டியது. மூன்று முறை கூட்டினார். முப்பத்தொன்று. வயது சரியா என்று பார்த்தார். மருத்துவமனையில் காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் பிறந்தவள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தானே குறித்துவைத்திருந்தார். அதிலும் பிழை இல்லை. சோதனை செய்த ஆசிரியை இவரிடமே பயிற்சி பெற்றவர். முறையிட ஒன்றும் இல்லை.

ஜனவரி இரண்டாம் தேதி காலை பதிவறைக்கு வந்தார்.

"அண்ணே, ஏழு வயசுப் பிள்ளைங்க பேரேட்டை எடுங்க."

"எதுக்கும்மா?"

"முப்பத்தொண்ணுக்குக் கீழ எத்தனை பேர் இருக்காங்கன்னு என் கண்ணால பாக்கணும். அட்டவணை சொல்லுது. எனக்கு ஆளாப் பாக்கணும்."

மனசு ஆறுவதற்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். நான் படிக்க, அவர் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே வந்தார். பிறந்த தேதி, புள்ளி. பிறந்த தேதி, புள்ளி.

வெளிக் கூடத்தில் ஒரே சத்தம். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பிறந்தநாளோ அவர் பெயரை நான் கரும்பலகையில் எழுதுவேன். நான்கு மணிக்குக் கேக்கும் தேநீரும். பணிப்பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்ததால் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது. அன்று பலகையில் பதினொரு பெயர்கள். நிலையத்தில் மொத்தமே பத்தொன்பது பேர்தான். வருடா வருடம் ஜனவரி இரண்டில் இந்தக் கூத்து நடக்கும். பியூன் காலையிலேயே கத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு கேக்க பதினோரு பேர் வெட்டினா நான் நக்குறதுக்குக் காகிதந்தான் மிஞ்சும்!"

"ஆளுக்கு ஒரு கேக் வாங்கச் சொல்லுய்யா!"

"நீ பொறந்ததுக்கு ஒண்ணே ஜாஸ்தி!"

நான் படித்துக்கொண்டே இருந்தேன். ஒரே தேதி அடுத்தடுத்து வந்தால் பேரேட்டில் 'மேற்படி' என்று எழுதுவது என் வழக்கம்.

"நூத்துப் பதினொண்ணு?"

"ஜனவரி ரெண்டு. புள்ளி நாப்பத்தாறு."

"பன்னெண்டு?"

"மேற்படி. நாப்பத்து மூணு."

"பதிமூணு?"

"மேற்படி. நாப்பத்தெட்டு."

"பதினாலு?"

"மேற்படி."

பென்சில் நின்றுவிட்டது. கூடத்தில் யாரோ கை தட்டினார்கள்.

"அண்ணே, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினேன். என் கையெழுத்தில், ஒரே சாய்வில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினேழு மேற்படிகள்.

"போர்டுல என் பேர் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கே. நாலாவது. போய் ஒரு துண்டு சாப்பிட்டு வாங்க."

"நான் இன்னைக்குப் பொறக்கலண்ணே."

"பணிப்பதிவேட்டுல ஜனவரி ரெண்டுதாம்மா இருக்கு."

"அது பள்ளிக்கூடம் திறக்குற நாளு. எங்கம்மா என்னைக் கொண்டுபோய் விட்டப்ப தலைமையாசிரியர் போட்ட தேதி. இன்னையோட ஆறு முடிஞ்சதுன்னு எழுதினாரு. அப்ப எனக்கு எட்டு வயசாவது இருக்கும். என் தங்கச்சியை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் முதல் வகுப்புக்கே போனேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பேரேட்டைப் பார்த்தார். எனக்குப் பிறந்த தேதி உண்டு. என் தகப்பனார் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை செய்தவர். அதனால்தானோ என்னவோ, பதினான்கு வருடம் அந்தப் பலகையில் நானே பெயர்களை எழுதியும், அதே கையால் பேரேட்டில் மேற்படி மேற்படி என்று எழுதியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எழுத்துப் பிசகாமல் படியெடுத்தேன். படியெடுத்தது உண்மைதானா என்று கேட்பது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

எண்ணினோம். ஏழு வயது என்று பதிவான இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எழுபத்தொன்பது பேருக்கு ஜனவரி இரண்டு.

அதன் பொருள் என்ன என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். தாமதமாகப் பள்ளிக்கு வந்த எட்டு வயது, ஒன்பது வயதுக் குழந்தைகள் ஏழு வயதுக்காரர்கள் என்று எங்கள் அட்டவணைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு வயதுக்கு வழக்கமான புள்ளி இவ்வளவு என்று நாங்கள் அச்சடித்ததில் மூன்றில் ஒரு பங்கு பெரிய பிள்ளைகளின் புள்ளி. பிறந்த நிமிடம் வரை தெரிந்த ஒரு குழந்தையை அவர்கள் பக்கத்தில் நிறுத்தி, உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டோம்.

"ஆனா இது நம்ம ஊகம்தானம்மா. அவங்க நிசமா எப்போ பொறந்தாங்கன்னு யார் சொல்றது?" என்றேன்.

அவர் பேரேட்டை மூடினார். பிறகு எழுந்துபோய்த் தன் விடைத்தாள்கள் நானூற்றுப் பன்னிரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டார்.

"பல்லு சொல்லும். மேல் முன்பல்லு நாலும் முளைச்சு முடிய எட்டு வயசாவது ஆகும்."

மூன்று நாற்பதுக்கு எண்ணி முடித்தோம். அவர் சோதித்த ஏழு வயதுக் குழந்தைகள் எழுபத்து நான்கு. அதில் ஜனவரி இரண்டுக்காரர்கள் இருபத்தொன்பது. அவர்களில் இருபத்திரண்டு பேருக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் முளைத்துவிட்டன. மற்ற நாற்பத்தைந்து பேரில் அப்படி முளைத்தவர்கள் நான்கே பேர். அன்று கேக் வெட்டியபோது நாங்கள் இருவரும் போகவில்லை. பியூன் இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பொறந்தவங்களே வரலைன்னா எப்படி?" என்று முறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனோம். கையேட்டின் கட்டுகள் சுவர் ஓரமாக நெஞ்சு உயரத்துக்கு நின்றன. நொடிக்காரி சொல்லச் சொல்ல இயக்குநரின் கழுத்து சிவந்தது.

"அஞ்சு வருஷம். அம்பத்தெட்டுக் கேள்விய தூக்கிப் போட்டேன். ஒரு படம் விடாம பாத்தேன். இப்ப வந்து பல்லுங்கிறீங்க."

"ஆமா சார்."

"உங்க பொண்ணுக்கு லெட்டர் வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். அது வராம இருந்திருந்தா இந்தப் பேரேட்டைத் தொட்டிருப்பீங்களா?"

"தொட்டிருக்கமாட்டேன். என் பொண்ணுக்காகத்தான் பாத்தேன். ஆனா இந்தப் பல்லெல்லாம் என் பொண்ணோடது இல்லையே சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. அப்ப நீங்ககூட சிரிச்சீங்க."

இயக்குநர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? உங்க பதிவுல பிழையே இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"படியெடுத்ததுல பிழை இல்லைங்க. எதைப் படியெடுத்தேனோ அதுல இருக்கு. எனக்குத் தோணியிருக்கணும். தோணல."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. பல் வைத்து ஓர் அட்டவணையைத் திரும்பப் பெறமுடியாது, வீடுகளுக்குப் போய்க் கேட்கலாம், இருபது வீடு போதும் என்றார். "நீங்களே போங்கம்மா, குழந்தைங்க உங்களுக்குத்தான் பழக்கம்."

"நான் போகக்கூடாது சார்" என்றார் நொடிக்காரி. "எனக்கு என்ன பதில் வேணும்னு எனக்குத் தெரியும். நான் கேட்டா அந்தப் பதில்தான் வரும். சீட்டுப் போட்டு இருபது பேரை எடுக்கட்டும். அண்ணன் போகட்டும். என்ன வந்துச்சுன்னு முடியுற வரைக்கும் என்கிட்ட சொல்லவேண்டாம்."

முறையிட இருபத்தெட்டு நாள்கள் இருந்தன.

சீட்டுப் போட்டேன். எட்டாம் தேதியிலிருந்து ஐந்து நாள்கள் டிரைவரும் நானும் அலைந்தோம். தேதி கேட்டால் எந்த வீட்டிலும் ஜனவரி இரண்டு என்றே வந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னதை அவர்களும் மனப்பாடம் செய்திருந்தார்கள். அதனால் தேதியைக் கேட்பதை விட்டுவிட்டேன். பழைய பாலம் இடிந்தபோது இவள் நடந்தாளா, கைக்குழந்தையா? இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வயிற்றில் இருந்தானா, பிறந்துவிட்டானா? இப்படிக் கேட்டதும் தாய்மார்கள் மளமளவென்று சொன்னார்கள். பாலம் இடிந்ததற்கும் சாலை போட்டதற்கும் அலுவலகங்களில் தேதி இருந்தது.

ஒரு வீடு காலி செய்துகொண்டு போய்விட்டது. மீதிப் பத்தொன்பதில் பதினாறு குழந்தைகள் பதிவான வயதைவிட ஒரு வருடமோ அதற்கு மேலோ பெரியவர்கள். இரண்டு குழந்தைகள் உண்மையிலேயே அந்த வயது. ஒரு தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அந்தப் பள்ளிகளில் ஒன்றின் தலைமையாசிரியரையும் பார்த்தேன். குற்றம் சாட்டுகிற குரலில்தான் கேட்டேன். அவர் மேசையில் ஒரு சின்னப் பெண்ணின் அறுந்துபோன பை வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஆறுன்னு போட்டா அன்னைக்கே வகுப்புல உக்காரும். எட்டுன்னு போட்டா மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கணும். அது வர ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை எங்கயாவது பாத்திரம் கழுவப் போயிடும். நான் வாசலுக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினதில்லைங்க. உங்க அட்டவணை கெட்டுப்போச்சுன்னா மன்னிச்சுக்கங்க."

பதிவில் அதையும் எழுதிக்கொண்டேன். ஜீப்பில் திரும்பும்போது டிரைவர் கேட்டார். "அண்ணே, எனக்கும் ஜனவரி ரெண்டுதான். அப்போ நான் இன்னும் கிழவனா?"

புதிய அட்டவணை போடப் பதினைந்து நாள்கள் ஆயின. எல்லா வயதிலும் ஜனவரி இரண்டுக்காரர்களை விலக்கிவிட்டு, கணக்கு இயந்திரத்தில் திரும்ப முதலிலிருந்து. அந்த நாள்களில் நொடிக்காரி அந்த அறைக்குள் வரவில்லை. தேநீர் வேளையில்கூட ஜாடைமாடையாக எதையும் கேட்கவில்லை. மதியங்களில் பழைய மேசையில் உட்கார்ந்து பயிற்சித் தாள்களைத் திருத்துவார். ஒருநாள் ஸ்டாப்வாட்ச் கழுத்தில் இல்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார். ஒன்பது வருடம் தொலைபேசி நிலையத்தில், ஐந்து வருடம் எங்களிடம், அவர் எதையாவது மறந்து நான் கேள்விப்பட்டது அன்று ஒருநாள்தான்.

ஜனவரி இருபத்தேழு, மாலை நான்கு பத்துக்கு அவரை அழைத்தேன். இயக்குநரும் இருந்தார்.

"முப்பத்தொரு புள்ளிக்குப் பழைய அட்டவணையில அறுபத்தேழு. புதுசுல எழுபத்திரண்டு" என்றேன்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சரி" என்றார். 'அடுத்தது' வரவில்லை. பிறகு கேட்டார். "மத்தவங்க?"

நகரத்தில் அதுவரை கடிதம் போன ஏழு வயதுக் குழந்தைகள் அறுபத்து நான்கு. புதிய அட்டவணையில் எழுபதைத் தாண்டியவர்கள் இருபத்து மூன்று.

"அப்ப நாப்பத்தொரு பேர் இன்னும் கீழதான் இருக்காங்க."

"ஆமா."

"சார், நம்ம கையேட்டுல நாப்பத்தொண்ணாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. எந்த எண்ணும் அஞ்சு கூடவோ குறையவோ இருக்கலாம்னு. என் பொண்ணு எழுபத்திரண்டுன்னா அறுபத்தேழாவும் இருக்கலாம். அறுபத்தெட்டு எடுத்த பிள்ளை எழுபத்து மூணாவும் இருக்கலாம். கோட்டுக்கு அஞ்சுக்குள்ள இருக்கிறவங்களை இன்னொரு தடவை பாக்காம அனுப்பக்கூடாது."

இயக்குநர் அதை எழுதி அனுப்பினார். துறை மறுத்தது. நான்கு வருடம் மறுத்துவிட்டு ஐந்தாம் வருடம் ஒப்புக்கொண்டது. அந்த நான்கு வருடத்தில் போனவர்களின் பட்டியல் என்னிடம் இருந்தது. நொடிக்காரி வருடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இருபத்து மூன்று பேருக்கும் கடிதம் இருபத்தெட்டாம் தேதியே போனது. இரண்டாயிரம் கையேடுகளிலும் பழைய அட்டவணையின்மேல் புதியதை ஒட்டினோம். இயக்குநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒட்டினார். முந்நூறுக்கு மேல் அவர் ஒட்டியதுதான். இரண்டாம் பதிப்பில் கட்டைகளின் வடிவங்கள் மாறின. விடைத்தாளில் 'மேல்வரிசை முன்பற்கள்' என்று தனியாக ஒரு கட்டம் அச்சானது. பள்ளிப் பதிவேட்டுத் தேதியை மட்டும் நம்பவேண்டாம் என்று கையேட்டில் ஒரு பத்தியும் சேர்ந்தது.

பழைய பெட்டிகளை விலக்கும் வேலை என்னுடையது. நொடிக்காரியின் பெட்டியில் கட்டைகளின் முனை தேய்ந்து, சிவப்புச் சாயம் போய்விட்டிருந்தது. விலக்கிய பொருளை அழிக்கவேண்டும் என்பது விதி. அதை நானே அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கணவர் டயர்க் கரியோடு வந்து கதவைத் திறந்தார். "இந்தப் பெட்டியா? கடைசியில திறந்தே வருதா?"

மகள் தரையில் உட்கார்ந்தாள். ஒன்பது கட்டைகளையும் நொடிக்காரி அவள் முன் கொட்டினார். அந்தப் பெண் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டையின் எல்லாப் பக்கத்தையும், பிறகு அடுத்ததன் எல்லாப் பக்கத்தையும். கணவர் பொறுமை இழந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நொடிக்காரி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். கழுத்தில் கடிகாரம் இல்லை. நானும் என் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதனால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று என்னால் சொல்லமுடியாது.

பிறகு அவள் அடுக்க ஆரம்பித்தாள். எங்கள் படங்களில் இல்லாத ஒரு வடிவம். முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குடி" என்றார் நொடிக்காரி. சொல்லிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது போல என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பொருள் பதிவேட்டில் அந்தப் பெட்டிக்கு எதிரே 'ஒரு குழந்தைக்கு விளையாடக் கொடுக்கப்பட்டது' என்று எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் ஓய்வுபெறும் வரை அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.